நாடியைப் பார்ப்பதா, சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதா?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளத் தோழர்களும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சாதாரணமாகப் பொதுமேடையில் பேசப்படாத விஷயமாகும். கருக்கலைப்பு என்கின்ற வார்த்தையைத் தலைவர் அவர்கள் உச்சரித்த மாத்திரத்திலேயே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருப்பதற்காக அவர்களுக்கு என் வந்தனம். பெண்கள் சாகின்ற விஷயத்தைப் பேசுவதற்கு வெட்கப்படுகின்ற நாம், அவர்களைச் சாகவிடுவதற்கு மாத்திரம் வெட்கப்படுவதில்லை. அந்த வெட்கத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

நான் வைத்தியனுமல்ல, வக்கீலுமல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் கால் வைத்தவன். வாசகசாலையில் படித்ததையும், அறிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன். மேடையில் நின்று ஒருவன் சொன்னான் என்பதற்காக எதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

கருக்கலைப்புச் சட்டம் என்றால், வேண்டாத கர்ப்பத்தைக் கலைக்கப் போகிற யாரோ ஒரு பெண்ணுக்குத்தான் அது சம்பந்தப்பட்டது, நம் வீட்டுப் பெண்களுக்கு அதனால் என்ன என்று நினைக்கிறோம். இதைப்போலத் தப்பான நினைப்பு வேறில்லை. பிள்ளை வேண்டும், வேண்டும் என்று தவங்கிடந்து கர்ப்பமான பெண்ணுக்கும், அந்தக் கர்ப்பம் நடுவில் கெட்டுப்போனால், அதே சட்டம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. எந்த வைத்தியர் அவளுக்குக் கைகொடுக்க வேண்டுமோ அவர் கையை அந்தச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. ‘கெட்டவளை’த் தண்டிக்க எழுதினோம் என்று சொல்லப்படுகிற சட்டம், நல்லவள் என்று நீங்கள் சொல்லுகிறவளையே முதலில் கொல்லுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

என் வீட்டிலேயே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். என் துணைவியாரின் தங்கைக்குக் கலியாணமாகி நாலு வருஷம் பிள்ளையில்லை. ஊரிலுள்ளவர்கள் ‘மலடி’ என்று வாய்கூசாமல் சொன்னார்கள். ஐந்தாம் வருஷம் கர்ப்பமானாள். பதினெட்டாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் பனிக்குடம் உடைந்து நீர் வந்துவிட்டது. அவள் கணவர் அப்பொழுது ஜரிகை வாங்குவதற்காகச் சூரத்துக்குப் போயிருந்தார். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு பெயரைச் சொல்லித் திட்டிவிட்டால் மற்றவர்களெல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ‘இந்தக் கர்ப்பம் நிற்காது, ஆனால் சிசுவுக்கு இருதயத் துடிப்பு இருக்கிறது. இப்பொழுது நாங்கள் கைவைத்தால் கருக்கலைப்பு என்று ஆகிவிடும், போலீஸ் கேஸ் வரும். துடிப்புத் தானாக நிற்கட்டும். அன்றியும் கணவன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது’ என்றார்கள்.

இரண்டு இரவுகள் காத்திருந்தோம். இரண்டாவது இரவு குளிர்ஜுரம் கண்டது. மூன்றாம் நாள் காலையில் அவள் எங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்த பிறகு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த லேடி டாக்டர் எங்கள் ஒருவரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. ‘ஏன் இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று மாத்திரம் கேட்டார். பெண் பிழைத்தாள். ஆனால் கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்கவைக்க முடிந்தது. தோழர்களே! பதினெட்டு வாரத்துச் சிசு எப்படியும் பிழைக்கப் போவதில்லை என்பது முதல்நாளே தெரிந்த சங்கதி. அதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவள் இனிமேல் பெறக்கூடியதாயிருந்த அத்தனை பிள்ளைகளையும் சேர்த்தல்லவா இல்லாமலாக்கிவிட்டார்கள்?

இதிலுள்ள வைத்திய விஷயத்தை நம் தொழிலைக் கொண்டே சொல்லுகிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே தறியை நிறுத்தி அந்த இழையை எடுத்து முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுகிறோம். ‘இன்னும் பத்து இழை அறுந்து சேலை வீணாகும் நிலைமைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று எந்த நெசவாளியாவது உட்கார்ந்திருப்பானா? பனிக்குடம் என்பது சிசுவைச் சுற்றியிருக்கும் பை. அது மூடியிருக்கிற வரையில் வெளியிலுள்ள கிருமி உள்ளே போகாது. அது உடைந்துவிட்டால் கதவு திறந்துவிட்டதென்று அர்த்தம். மணிக்கு மணி கிருமி உள்ளே ஏறும். கர்ப்பப்பையைப் பிடித்து, பிறகு ரத்தத்தில் கலந்து, பிறகு மூத்திரக்காய், ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டு போகும். ஆரம்பத்திலே கர்ப்பப்பையைக் காலி செய்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வாள். ரத்தத்தில் விஷம் ஏறின பிறகு உலகத்திலுள்ள மருந்தெல்லாம் கொடுத்தாலும் நிச்சயமில்லை. ஆகவே இங்கே வைத்தியம் என்பது முழுக்க முழுக்க நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரத்தைத்தான் சட்டம் திருடுகிறது.

இது ஏதோ நம் ஊரில், படிப்பில்லாத தேசத்தில் நடந்தது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவிலே அயர்லாந்து என்றொரு தேசம். நம் அண்டை ராஜ்யமாகிய கர்நாடகத்தில் பெளகாவியைச் சேர்ந்த சவிதா ஹலப்பனவர் என்கின்ற பெண் அங்கே கணவனோடு வசித்துவந்தார். வயது 31. அவரே பல் வைத்தியர். 17 வாரக் கர்ப்பம். 2012-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி முதுகுவலி என்று கால்வே என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போனார். கர்ப்பம் நிற்காது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று நள்ளிரவு கழிந்தவுடன் பனிக்குடம் உடைந்தது. ‘எப்படியும் பிழைக்கப் போவதில்லையே, எனக்கு இதை முடித்துவிடுங்கள்’ என்று அவரும் கணவரும் கேட்டார்கள். சிசுவின் இருதயம் துடிக்கிறது, ஆகையால் சட்டம் இடங்கொடுக்காது என்று மறுக்கப்பட்டது. ‘இது கத்தோலிக்க தேசம்’ என்கின்ற பேச்சும் அங்கே வந்தது. அப்படிச் சொன்னதை அந்த ஆஸ்பத்திரித் தாதி பின்னால் விசாரணையில் ஒப்புக்கொண்டார். 24-ந் தேதிக்குள் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. 28-ந் தேதி சவிதா இறந்துபோனார்.

பாருங்கள் தோழர்களே! சவிதா கத்தோலிக்கர் அல்ல. அந்தத் தேசத்தில் பிறந்தவரும் அல்ல. யாரோ ஒருவருடைய மதத்தின் கொள்கை, அதை நம்பாத ஒருத்தியின் உடம்பின் மேல் சட்டமாய் உட்கார்ந்துகொண்டது. 1983-ல் அந்தத் தேசத்து அரசியல் சட்டத்தில், பிறக்காத சிசுவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சமமான உரிமை என்று ஒரு திருத்தத்தைச் சேர்த்துவைத்திருந்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு தர்மமாக இருக்கிறது! ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதற்கு என்ன அர்த்தமாயிற்றென்றால், தாய் சாகும் தறுவாய்க்கு வந்தாலொழிய வைத்தியன் கைவைக்கக் கூடாது என்பதாயிற்று. திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் கர்ப்பத்தை முடித்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும், ஆனால் அப்பொழுது உயிருக்கு நேர் ஆபத்தில்லாததால் சட்டம் இடந்தரவில்லை. புதன்கிழமை ஆபத்து வந்துவிட்டது, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று ஒரு பிரசவ நிபுணர் விசாரணையில் சாட்சி சொன்னார். சட்டம் அனுமதிக்கிற நாள் வரும்போது வைத்தியம் பலிக்கிற நாள் போய்விடுகிறது! இதைவிட அறிவீனமான ஏற்பாடு ஒன்று உண்டா?

அந்த மரணத்தை ஆராய நியமிக்கப்பட்ட குழுவுக்குத் தலைவராயிருந்தவர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழரான டாக்டர் சபாரத்தினம் அருள்குமரன் என்பவர். இங்கிலாந்தில் மகப்பேறு வைத்தியர்களின் ராயல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். 2013-ல் அவர் குழு அறிக்கை கொடுத்தது. ஆஸ்பத்திரியில் கவனக்குறைவுகளும் இருந்தன, நாடி, ஜுரம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை அந்த அறிக்கை மறைக்கவில்லை. அதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வைத்தியர்களின் கையைக் கட்டி நிறுத்தியது சட்டமே என்பதைப் பின்னால் 2017-ல் அந்தத் தேசத்துப் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன்பாகவே அவர் எடுத்துச் சொன்னார். கடைசியில் 2018-ம் வருஷம் மே 25-ந் தேதி ஜனங்கள் ஓட்டுப்போட்டு, நூற்றுக்கு 66 பேருக்கு மேல் சேர்ந்து, அந்தத் திருத்தத்தையே தூக்கி எறிந்தார்கள். நம் தேசத்துப் பெண் ஒருத்தி செத்து, அந்தத் தேசத்துப் பெண்களுக்கு வழி திறந்துவிட்டாள்.

ஆனால் அந்த டாக்டர் அருள்குமரன் பிறந்த இலங்கையிலே என்ன நிலைமை? 1883-ம் வருஷத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 303-வது பிரிவுதான் அங்கே இன்றும் நடக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கு மாத்திரம் விலக்கு. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பமானாலும் விலக்கில்லை. பிறந்தவுடன் சாகப்போகிற சிசுவானாலும் விலக்கில்லை. 1995-ல் ஒருதரம் மாற்றப்பார்த்தார்கள், 2017-ல் மறுபடி மாற்றப்பார்த்தார்கள். இரண்டு தடவையும் காரியம் நடக்கவில்லை. 2017-ல் மதத்தலைவர்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். மதங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டாலும், பெண்ணைக் கட்டிவைக்கிற விஷயத்தில் மாத்திரம் சமாதானமாய்ப் போய்விடுகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் இருக்கிற நம் தமிழ்ப் பெண்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள்.

போலந்து தேசத்திலே 2020-ல் கோர்ட்டார் இருந்த சட்டத்தையும் இறுக்கினார்கள். மறுவருஷமே 22 வாரக் கர்ப்பிணி ஒருத்தி, இதேபோல் பனிக்குடம் உடைந்து, துடிப்பு நிற்கட்டும் என்று காக்கவைக்கப்பட்டு, ரத்தம் விஷமாகிச் செத்தாள். அமெரிக்காவில் 1973 முதல் இருந்துவந்த உரிமையை 2022 ஜூன் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீக்கிற்று. டெக்சாஸ் மாகாணத்தில் கர்ப்பத்தைக் கலைத்த வைத்தியருக்கு ஆயுள்வரை ஜெயில், லட்சம் டாலருக்குக் குறையாத அபராதம், லைசென்சும் போய்விடும். ‘உயிருக்கு ஆபத்தென்றால் செய்யலாம்’ என்று அந்தச் சட்டத்திலும் ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு ஆபத்து? எத்தனை டிகிரி ஜுரம்? இதைச் சட்டம் சொல்லவில்லை. தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது எந்த வைத்தியர் தைரியமாய் முதல்நாளே கைவைப்பார்? கடைசியில் 2025-ல் அந்த மாகாணமே, வைத்தியர்கள் எப்பொழுது கைவைக்கலாம் என்பதை விளக்கிச் சொல்ல இன்னொரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. முன்னே இருந்த சட்டம் யாருக்கும் புரியவில்லை என்பதற்கு அவர்களே கொடுத்த அத்தாட்சி அது.

மருந்து விஷயத்திலும் இப்படியே. மிசோப்ரோஸ்டால் என்றொரு மாத்திரை. அது கருவைக் கலைக்கவும் பயன்படும். பிரசவமான பிறகு நிற்காமல் ரத்தம் போகிறவளின் ரத்தத்தை நிறுத்தவும் பயன்படும். லூசியானா என்னும் மாகாணத்தில் 2024 அக்டோபரிலிருந்து அதைப் போதை மருந்துகளைப்போல ஆபத்தான சரக்காகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கலைப்பவளைத் தடுப்பதற்காக, பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தையும் பூட்டிவைக்கிறார்கள். கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1860-ல் வெள்ளைக்காரன் செய்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, கருவைக் கலைத்தால் மூன்று வருஷம் ஜெயில், சிசு அசைய ஆரம்பித்த பிறகென்றால் ஏழு வருஷம் என்று சொல்லிற்று. கலைத்துக்கொண்ட பெண்ணே குற்றவாளி. அதனால் கருக்கலைப்பு நின்றதா? நிற்கவில்லை. 1964-ல் சர்க்கார் சாந்திலால் ஷா என்பவர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தார்கள். தேசத்தில் வருஷத்துக்கு 39 லட்சம் கருக்கலைப்புகள் நடப்பதாக அது மதிப்புப் போட்டது. குச்சியும், எருக்கம்பாலும், நாட்டு மருந்துமாக மறைவில் நடந்தவை எத்தனையோ! சட்டம் தடுத்தது கருக்கலைப்பையல்ல, வைத்தியனைத்தான் தடுத்தது.

அதன் பேரில்தான் 1971-ல் பார்லிமெண்டில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 2021-ல் அது திருத்தப்பட்டது. இப்பொழுது அது என்ன சொல்லுகிறதென்பதைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 20 வாரம் வரையில் ஒரு வைத்தியரின் அபிப்பிராயம் போதும். 20 முதல் 24 வாரம் வரையில், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், ஊனமுற்றவர்கள், விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள் முதலியவர்களுக்கு இரண்டு வைத்தியர்கள் சொன்னால் செய்யலாம். சிசுவுக்குப் பெரிய ஊனம் இருக்கிறதென்று மருத்துவ போர்டு கண்டால் 24 வாரத்துக்கு மேலும் செய்யலாம். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டுமென்றால், எத்தனை வாரமானாலும், ஒரு வைத்தியரே செய்யலாம். பதினெட்டு வயது நிரம்பிய, சித்தசுவாதீனமுள்ள பெண்ணாயிருந்தால் அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து வேண்டுமென்று சட்டத்தில் எங்கேயும் இல்லை! அவள் பெயரை வெளியே சொன்னால் சொன்னவருக்குத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த வைத்தியரின் மேல் வழக்குப் போட முடியாது. 2022 செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கலியாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமைதான் என்றும், சட்டத்தில் இல்லாத கையெழுத்தையும் கோர்ட்டு உத்தரவையும் வைத்தியர்கள் கேட்கக் கூடாதென்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்படியானால் என் மைத்துனிக்கு ஏன் அப்படி நடந்தது? நியாயமான கேள்வி. காரணம் இதுதான். பழைய தண்டனைச் சட்டம் எடுக்கப்படவில்லை. 1971-ம் வருஷச் சட்டம் என்பது அந்தக் குற்றத்துக்கு ஒரு விலக்கு மாத்திரமே. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்று புதுப்பெயர் வைத்தார்கள். 312 என்பது 88 ஆயிற்று. பெயர் மாறிற்று, எண் மாறிற்று, சங்கதி மாறவில்லை. கர்ப்பிணி ஒருத்தி ரத்தப்போக்கோடு வந்தால், வைத்தியர் மனதில் முதலில் எழுவது, ‘இவள் தானாகக் கலைந்து வந்தாளா, கலைத்துக்கொண்டு வந்தாளா, நான் தொட்டால் என் தலையில் விழுமா’ என்கின்ற கேள்வி. பெண் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவளானால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கின்ற 2012-ம் வருஷச் சட்டம் வேறு இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று கோர்ட்டு சொன்ன பிறகும் பயம் தெளிந்தபாடில்லை. 24 வாரம் தாண்டினவர்கள் ஹைக்கோர்ட்டு வாசலில் நின்று, போர்டு கூடி, அறிக்கை வந்து, தீர்ப்பாவதற்குள் இன்னும் வாரங்கள் ஏறிவிடுகின்றன.

இதன் பலன் என்ன? 2015-ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் ஆஸ்பத்திரியிலும் வைத்தியர் மேற்பார்வையிலும் நடந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தாமாகவே விழுங்கினார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் அதுவுமில்லாமல் ஆபத்தான வழியில் போனார்கள். அனுமதி கொடுக்கிற சட்டம் இருக்கிற தேசத்திலேயே இப்படியென்றால், தண்டனையின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிழலுக்குப் பின்னால் நம் பழக்கவழக்கம் நிற்கிறது. நம் காமாக்ஷி கோவிலில் மாசியும் பங்குனியும் கூடுகிற நேரத்தில் பெண்கள் காரடையான் நோன்பு நோற்று, மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளுகிறார்கள். எதற்காக? சாவித்திரி எமனிடம் வாதாடிப் புருஷன் உயிரை மீட்டாளாம். அதுபோலத் தங்கள் புருஷன் நீடூழி வாழவேண்டுமாம். சரி. பெண்டாட்டி உயிருக்காகப் புருஷன் நோற்கிற நோன்பு ஒன்று உண்டா? ஒருவேளை பட்டினி உண்டா? ஒரு முழக் கயிறு உண்டா? அயர்லாந்தில் அந்தச் சவிதா செத்தபோது எமனிடம் வாதாட ஒரு சாஸ்திரமும் வரவில்லை. அவள் கணவன் வாதாடிப் பார்த்தான், சட்டம் கேட்கவில்லை. பெண் என்றால் சாகக்கூடியவள், ஆண் என்றால் காக்கப்பட வேண்டியவன் என்கின்ற புத்திதான் கோவிலில் நோன்பாகவும் கோர்ட்டில் பிரிவாகவும் ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்தாகவும் வருகிறது. கர்ப்பத்தடை என்று சொல்லவே நாடு கூசிய 1930-லேயே, பெண்ணின் விடுதலைக்கும் சுயேச்சைக்குமாகவே அது வேண்டும் என்று ‘குடி அரசு’ எழுதியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் அடுத்த படிதான் நான் இன்று பேசுவது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். ‘கர்ப்பத்தைக் கலைப்பது மகாபாவம், சாஸ்திரம் சொல்லுகிறது’ என்பார்கள். அந்தச் சாஸ்திரம்தான் எட்டு வயதிலும் பத்து வயதிலும் தாலியறுத்தவளை மூலையில் உட்காரவைத்தது. அந்த மூலைக்கே வந்து அவளைக் கர்ப்பமாக்கினவனை அது ஒன்றும் செய்யவில்லை. 1863-ல் புனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும், இப்படிக் கர்ப்பமான விதவைகள் பயமின்றிப் பிள்ளைபெற்றுப் போக ஒரு விடுதி திறந்தார்கள். பாவம் என்று சொன்னவர்கள் ஒருவரும் அதைச் செய்யவில்லை. பாவம் என்று நம்புகிறவர்கள் தாங்கள் செய்துகொள்ளாமல் இருக்கட்டும். யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அந்த நம்பிக்கையை அடுத்தவள் கட்டிலில் கொண்டுபோய் வைப்பதற்குத்தான் அதிகாரமில்லை என்கிறோம்.

‘சட்டத்தைத் தளர்த்தினால் ஒழுக்கம் கெட்டுவிடும்’ என்பார்கள். பனிக்குடம் உடைந்து ஜுரத்தில் கிடக்கிறவளுக்கு என்ன ஒழுக்கக்கேடு வந்துவிடும்? பெண்ணுக்கு ஒழுக்கம் ஜெயில் பயத்தால்தான் வருகிறதென்று சொல்லுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

‘பெண் சிசு என்று தெரிந்தால் கலைத்துவிடுவார்களே’ என்று சிலர் கேட்பார்கள். இது உண்மையான கவலை. நான் தள்ளிவிடமாட்டேன். இந்த நாட்டில், சேலத்திலே 1992-ல் சர்க்கார் தொட்டில் வைத்துப் பெண் குழந்தைகளை வாங்கிக்கொள்ள வேண்டிய அவமானம் நேர்ந்தது. ஆனால் அதற்கு வேர் எங்கே? வரதட்சணையிலும், கொள்ளிபோட ஆண்பிள்ளை வேண்டுமென்கிற மூடநம்பிக்கையிலும் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதைத் தடுக்க 1994-ம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அதைக் கண்டிப்பாய் நடத்துங்கள். பெண் பிறப்பதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பிறந்து வளர்ந்து கட்டிலில் கிடக்கிற பெண்ணைச் சாகவிடுவது எந்தப் பெண்ணுக்குச் செய்கிற உபகாரம்?

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டிய காரியங்கள் சில. முதலாவது, பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் அதிகமாய்ப் போனாலும், கர்ப்ப காலத்தில் குளிர்ஜுரம் கண்டாலும், ‘பார்க்கலாம், விடியட்டும்’ என்றிருக்காதீர்கள். அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு இடத்தில் கைவிரித்தால், காத்திராமல், 108 வண்டியைக் கூப்பிட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவது, புருஷன் கையெழுத்து என்று கேட்டால், அது எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று அமைதியாய்க் கேளுங்கள். பொய் சொல்லாதீர்கள், மாத்திரை சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், மறைத்தால் வைத்தியம் தவறிப்போகும். மூன்றாவது, ஆண்களுக்குச் சொல்லுகிறேன். பெண்டாட்டியின் மாதக்கணக்கு அவளுக்கும் அவள் தாய்க்கும் மாத்திரம் தெரிந்த சங்கதியாக இருக்கக் கூடாது. பாவின் இழைக்கணக்குத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

நாலாவதாக, சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பது 89-வது பிரிவின்படி குற்றமாயிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், இன்னும் கடுமையாகவும் இருக்கட்டும். ஆனால் அவள் சம்மதத்தோடு, தகுந்த வைத்தியர் செய்கிற வைத்தியத்தைக் குற்றமென்று சொல்லுகிற 88-வது பிரிவு எதற்கு? கண் ஆபரேஷனுக்குக் குற்றப்பிரிவு உண்டா? குடல்வால் அறுப்பதற்கு உண்டா? பெண்ணின் கர்ப்பப்பைக்கு மாத்திரம் ஏன் போலீஸ்காரன் காவல்?

என் மைத்துனி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். தன் கதையைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்தாள். ‘சொல்லுங்கள் மாமா, இன்னொருத்தியாவது இரண்டு ராத்திரி காத்திராமல் போவாள்’ என்றாள். அந்த ஒருத்தி யாரென்று நமக்குத் தெரியாது. உங்கள் மகளாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். அவள் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்போது, வைத்தியர் முதலில் அவள் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. அந்த நிலைமை வருகிற வரையில் நாம் இதைப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.